பேராசிரியர் ஏறி நிற்கும் பெட்டி

அந்த இலையுதிர் காலத்தில் ரோம் நகரத்தில், சொந்த வீட்டு வாடகை எவ்வளவு என்று மறந்துபோனவர்கள்கூட ‘இடைவெளி’ எவ்வளவு என்று கேட்டால் டக்கென்று சொன்னார்கள். கடன் வாங்கினால் ஜெர்மனி கட்டும் வட்டி ஒன்று, இத்தாலி கட்டும் வட்டி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் அந்த இடைவெளி; ஒரு சதவீதத்தை நூறு புள்ளியாக்கி எண்ணுவார்கள். முன்பெல்லாம் அதை முப்பது பேர் தெரிந்து வைத்திருந்தார்கள், அந்த முப்பது பேரை வேறு யாருக்கும் தெரியாது. இப்போது முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு அதைப் பற்றிக் கவலைப்பட்டார்.

நிதி அமைச்சகத்துக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில், எல்லோரையும் போல நின்றபடியே இரண்டு மடக்கில் காப்பியை முடித்துக்கொண்டிருந்தாள் ஒர்னெல்லா. கல்லாவில் இருந்த கடைக்காரர் சில்லறையை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“இன்னா டாக்டரம்மா, இன்னிக்கு எவ்ளோ?”

“ஐநூத்திப் பத்து.”

“நேத்து ஐநூறுன்னே.”

“நானா ஏத்தினேன்?”

“பின்ன நானா? என் காப்பி வெல அஞ்சு வருசமா அப்டியே கீது.”

அந்தத் தெருவில் பட்டம் வாங்கிய எல்லோரும் டாக்டர்தான். தலைவலி வந்தால் மட்டும் வேறு ஆளைப் பார்க்க வேண்டும். ஒர்னெல்லா அமைச்சகத்தின் கடன் பிரிவுக்குத் தலைவி. இருபத்தெட்டு வருடமாக அரசின் கடன் பத்திரங்களை விற்பது அவள் வேலை. நல்ல உயரம், நீண்ட கால்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும்.

அன்று பத்து வருடப் பத்திரத்தின் ஏலம். இருநூற்று ஐம்பது கோடியிலிருந்து முந்நூறு கோடி யூரோவுக்குள் விற்பதாக அறிவித்திருந்தார்கள். வங்கிகள் எத்தனை கோடி, என்ன விலை என்ற தங்கள் ஏலக் கேள்வியைக் கணினியில் அனுப்பும். சரியாகப் பதினொரு மணிக்குக் கதவு சாத்தப்படும். அதுவரை யார் என்ன விலை கேட்டார்கள் என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. வாங்க ஆள் குறைந்தால் பத்திரத்தின் விலை இறங்கும். விலை இறங்கினால் அரசு கட்ட வேண்டிய வட்டி ஏறும். சந்தையில் காலையில் அந்த வட்டி 6.88 சதவீதம்.

ஏழு என்பதுதான் எல்லோருக்கும் பயம். ஏழு சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் என்ன, வானமா இடிந்து விழும் என்று கேட்கலாம். அப்படி எந்தச் சட்டத்திலும் இல்லைதான். ஆனால் ஏழு சதவீதத்தைவிட அதிகம் கட்டிய நாடுகளில் எல்லாம், சில வாரங்களுக்குள் வெளிநாட்டிலிருந்து, கடன் கொடுத்துக் கணக்கும் பார்க்கும் கோட்டுப் போட்ட ஆட்கள் வந்து இறங்கி, நிதி அமைச்சகத்தின் நல்ல அறைகளில் உட்கார்ந்துகொண்டார்கள். லிஸ்பன் நகரில் இவளைப் போலவே கடன் விற்றுக்கொண்டிருந்த இவளுடைய தோழி, இப்போது பென்சில் வாங்குவதற்குக்கூட ஒரு ஃபின்லாந்துக்காரரின் அனுமதிக்குக் காத்திருந்தாள். “பென்சில் கிடைச்சிடுதுடி, எதுக்குன்னு அவர் கேக்கறதுதான் தாங்க முடியல” என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னாள். அன்றிலிருந்து ஒர்னெல்லாவுக்குத் தூக்கம் சரியில்லை.

அறைக்குள் நுழைந்ததும் மிரெல்லா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். இருவரும் ஒரே வருடம் வேலையில் சேர்ந்தவர்கள்.

“கேட்டியாடி? நம்ம ஆள் பேசப்போறாராம்.”

“எங்க?”

“கீழ பத்திரிகையாளர் கூடத்துல. பத்தரைக்கு.”

“ஏலம் பதினொண்ணுக்குடி! அவர்கிட்ட சொல்லலையா யாரும்?”

“சொன்னாங்களாம். அதனாலதான் பத்தரையாம்.”

ஒர்னெல்லா கைப்பையை வைக்காமலே திரும்பி நடந்தாள். ஏலம் நடக்கும் காலையில் அமைச்சகத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. இது எழுதி வைத்த விதி இல்லை. பிண வண்டி ஓட்டுகிறவர் சீட்டி அடிக்கமாட்டார் என்று எங்காவது எழுதியா வைத்திருக்கிறார்கள்? அந்த மாதிரி. ஆனால் இந்த அமைச்சர் வந்ததிலிருந்து வழக்கம் மாறிவிட்டது. செப்டம்பரில் அவர் “கவலைப்பட ஒன்றுமில்லை” என்றார். வட்டி கால் சதவீதம் ஏறியது. அக்டோபரில் “நான் ஒருபோதும் கவலைப்பட்டதில்லை” என்றார். இன்னொரு கால். தான் பேசியிராவிட்டால் ஒவ்வொரு முறையும் அரை ஏறியிருக்கும் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

பேராசிரியர் எர்மினியோ வல்செக்கியை அமைச்சர் என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள். பேராசிரியர் என்பது ஆயுளுக்கும். பொது நிதியைப் பற்றி மூன்று பாகங்களில் அவர் எழுதிய பாடநூலைப் படிக்காமல் அந்த நாட்டில் யாரும் பொருளாதாரத்தில் தேற முடியாது, காரணம் கேள்வித்தாளையும் அவரே தயாரித்தார். தலை கம்பீரமானது. குரல் அதைவிடக் கம்பீரமானது. இரண்டையும் தாங்கிக்கொண்டிருந்த உடம்பு மட்டும் ஐந்தடிக்கு மேல் ஒரு கட்டைவிரல் நீளம்தான் இருந்தது.

அவள் அவருடைய அறைக்குள் நுழைந்தபோது அவர் கண்ணாடி முன் நின்று பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். செய்தித் தொடர்பாளர் தாமியானோ பக்கத்தில் நின்று, ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் தலையாட்டினான்.

“‘இத்தாலி தன் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறாது!’” என்றார் பேராசிரியர் கண்ணாடியிடம்.

ஒர்னெல்லா கண்ணாடியில் தெரியும்படி அவருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“புரொஃபசர், நல்லாயிருக்கு. இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடலாமா?”

“ஏன், பொய்யா அது?”

“உண்மைதான். அதனாலதான் சொல்ல வேணாங்கறேன்.”

“டாக்டர், சந்தை எங்கிட்ட எதிர்பார்க்கிறது தெளிவு.”

“யாரும் இன்னும் அந்தக் கேள்வியைக் கேக்கலை புரொஃபசர். கல்யாண விருந்துல மாப்பிள்ளையோட அப்பா திடீர்னு எழுந்து, ‘எம் பையன் எந்தக் கொலையும் பண்ணலை’ன்னு சொன்னா, பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?”

பேராசிரியர் அதை அறிவியல்பூர்வமாக யோசித்தார்.

“பையன் கொலை பண்ணலைன்னு நினைப்பாங்க.”

“இல்ல புரொஃபசர். யாரைன்னு கேப்பாங்க.”

தாமியானோ சிரிக்கலாமா என்று அமைச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று முடிவு செய்தான். பேராசிரியர் தங்க முனைப் பேனாவை எடுத்துத் தாளின் மேல் குனிந்தார். அந்த வரியை அடிக்கப்போகிறார் என்று ஒர்னெல்லா நினைத்தாள்.

“நீங்க சொல்றதும் சரிதான்,” என்றார் அவர். “வாக்கியத்துல ஒரு பலவீனம் இருக்கு. ‘எந்தச் சூழ்நிலையிலும் தவறாது.’ இப்ப?”

“புரொஃபசர்—”

“‘எந்தச் சூழ்நிலையிலும், ஒரு பகுதியைக்கூட.’”

“அற்புதம்!” என்றான் தாமியானோ.

இனி ஒரு வார்த்தை பேசினால் அவர் தேதியையும் சேர்த்துவிடுவார் என்று பயந்து ஒர்னெல்லா வெளியே வந்தாள்.

அமைச்சரின் மாடியிலிருந்து அவள் அறைக்குப் போக, கீழே இறங்கி, பத்திரிகையாளர் கூடத்தைத் தாண்டி, வேறு படிக்கட்டில் ஏற வேண்டும். கூடம் காலியாக இருந்தது. பத்தரை மணி என்று அழைத்தால் பத்தரைக்கு எதிர்க் கடையில் இரண்டாவது காப்பி குடித்துக்கொண்டிருப்பதுதான் ரோம் பத்திரிகையாளர்களின் பண்பாடு. இரண்டு கொடிகள், நடுவே ஆளுயரப் பேச்சு மேடை, அதன் மேல் கழுத்தை நீட்டிய ஒலிவாங்கி. மேடைக்குப் பின்னால், தரையில், அது.

அதற்குப் பெயர் கிடையாது. வால்நட் மரத்தில் செய்த ஒரு பெட்டி, ஒரு முழ உயரம், காலணி சத்தம் கேட்காமலிருக்க மேலே பச்சை வெல்வெட் ஒட்டியது. பேராசிரியர் அதன் மேல் ஏறி நின்றுதான் நாட்டிடம் பேசுவார். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. பின்னாலிருந்து பார்க்க யாருக்கும் அனுமதியில்லை. அமைச்சகத்தில் அந்தப் பெட்டியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைச் சொன்னதில்லை. பொருட்களின் கணக்கிலும் அது கிடையாது. அதைத் தூக்கி வைத்து, திரும்ப எடுத்து, தூசி தட்டும் சேவகர் ஒரெஸ்தேகூட, “அத்த வெச்சாச்சு” என்று மட்டும்தான் சொல்வார்.

ஒர்னெல்லா நின்றாள். தான் என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிவதற்குள் கைகள் மழைக்கோட்டைக் கழற்றிவிட்டன. பெட்டியைக் கோட்டில் சுற்றி இடுப்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

முதல் திருப்பத்தில் தாமியானோ எதிரே வந்தான். குறுக்கு வழியில் இறங்கி வந்திருக்கிறான்.

“என்ன டாக்டரம்மா, வெளிய நல்ல வெயில், மழைக்கோட்டோட?”

“சலவைக்குப் போடணும்.”

“பாத்தா கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. கொண்டாங்க, நான் தூக்கறேன்.”

“அழுக்குப்பா. உன் சூட்டு கெட்டுடும்.”

அவன் தன் சூட்டைப் பார்த்தான். அது புதியது. சட்டென்று ஒதுங்கி வழி விட்டான்.

அறையில் பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளி, கோட்டை மேலே போர்த்தி, உட்கார்ந்து இரண்டு காலையும் அதன் மேல் வைத்தாள். முழங்கால் மேசையில் மோதிச் சத்தம் கேட்டது. மிரெல்லா திரும்பிப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், கோட்டுக்கு அடியில் தெரிந்த பச்சை ஓரத்தைப் பார்த்தாள்.

“அடிப்பாவி.”

“நீ எதையும் பாக்கலை.”

“நான் எதைடி பாக்கப்போறேன்? அதுக்குப் பேரே கிடையாதே.” மறுபடி திரையைப் பார்த்தாள். “6.90.”

பத்தரை ஆயிற்று. பேராசிரியர் மேடைக்கு வரவில்லை. இதற்குத்தானே இவ்வளவும் என்று ஒர்னெல்லா நாற்காலியில் சாய்ந்தாள். அந்த நிம்மதியில் ஒரு ஓட்டை இருந்தது. அது மிரெல்லாவின் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியது.

“6.93.”

“ஏன் ஏறுது? அவர்தான் பேசலையே?”

“பேசலைன்னுதான் ஏறுது. பேசறேன்னு ஊரையே கூப்பிட்டுட்டு ஆளைக் காணோம்னா? 6.95.”

தொலைபேசி அடித்தது. பாரிஸில் ஒரு வங்கி. அமைச்சர் ராஜினாமா செய்துவிட்டாரா? இல்லை, நலமாக இருக்கிறார். நலமாக இருந்தால் ஏன் பேசவில்லை? வைத்த கை எடுப்பதற்குள் லண்டன். மயங்கி விழுந்துவிட்டாராமே? இல்லை. அப்படியானால் அரசாங்கமே கவிழ்ந்துவிட்டதா? இல்லை. நீங்கள் இல்லை இல்லை என்று சொல்லும் விதமே சரியில்லையே, டாக்டர்?

காலையில் பேராசிரியருக்குச் சொன்ன கல்யாண விருந்துக் கதைதான் நினைவுக்கு வந்தது. இப்போது அந்த மாப்பிள்ளையின் அப்பா அவள்தான். நடக்காத கொலைகளை ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டிருந்தாள்.

“6.98,” என்றாள் மிரெல்லா. குரலில் கிண்டல் போய்விட்டிருந்தது.

கதவைத் தட்டாமல் ஒரெஸ்தே உள்ளே வந்தார். முழங்காலெல்லாம் தூசி. முப்பது வருட சர்வீஸில் அவர் இவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

“டாக்டரம்மா, அத்தக் காணோம்.”

“எத்தை?”

“அதான்... அது.” கையால் முழ உயரம் காட்டினார். “கட்டடம் பூரா தேடறோம். புரொஃபசர் ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்கறாரு. ஒரு தொலைபேசி டைரக்டரி வெச்சுப் பாத்தோம், பத்தலை. அவரு எழுதுன மூணு பொஸ்தகத்தையும் அடுக்கி வெச்சான் தாமியானோ. ‘என் புஸ்தகத்து மேல என்னையே நிக்கச் சொல்றியா’ன்னு கத்தறாரு.”

“அப்புறம்?”

“அப்பால பட்ஜெட் கட்டுங்களைக் கொணாந்து அடுக்கினோம். ஏறி நின்னாரு. ஆடுச்சு. எறங்கிட்டாரு.”

“6.99.”

“எல்லா ரூம்லயும் பாக்கச் சொல்லி ஆர்டர்,” என்று சொல்லிவிட்டு ஒரெஸ்தே குனிந்தார். அலமாரிக்கு அடியில் பார்த்தார். மிரெல்லாவின் மேசைக்கு அடியில் பார்த்தார். பிறகு ஒர்னெல்லாவின் மேசைக்கு முன்னால் முட்டி போட்டார்.

ஒர்னெல்லா காலை எடுக்கவில்லை. எடுத்தால் கோட்டு சரியும். அமைச்சரின் பேச்சைத் தடுக்க அரசு உடைமையைத் திருடிய கடன் பிரிவுத் தலைவி என்று நாளைக்கு வரப்போகும் தலைப்பை அவளால் எழுத்து எழுத்தாகப் பார்க்க முடிந்தது. வேலை போவது இருக்கட்டும். அந்தத் தலைப்பு இன்றைக்கே வெளியானால் நாளை முதல் இத்தாலியின் பத்திரத்தைப் பழைய பேப்பர் விலைக்குத்தான் கேட்பார்கள்.

மேசைக்கு அடியில் ஒரெஸ்தேயின் மூச்சு சத்தம் கேட்டது. அது நீண்ட நேரம் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு அவர் மேசை விளிம்பைப் பிடித்து எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

“இங்க இல்ல,” என்றார், அவளைப் பார்க்காமல். “மேல் மாடில தேடறேன். அங்க ரூம் நெறைய கீது.”

கதவு மூடியது. மிரெல்லா சொன்னாள்: “ஏழு. ஏழு புள்ளி பூஜ்யம் ரெண்டு.”

பதினொன்றுக்கு இன்னும் கால் மணிகூட இல்லை. வங்கிகள் எல்லாம் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் தங்கள் கேள்வியை அனுப்பும். இந்த எண்ணைப் பார்த்துத்தான் அனுப்பும். பெட்டியைத் திருப்பி வைத்துவிடலாமா? வைத்தால் அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் அவர் அதன் மேல் ஏறி நின்று ‘எந்தச் சூழ்நிலையிலும், ஒரு பகுதியைக்கூட’ என்பார். ஏழு எட்டரை ஆகும். வைக்காவிட்டால் ஏழு ஏழேகால் ஆகும். அந்த ஃபின்லாந்துக்காரருக்கு எந்த அறையைக் கொடுப்பார்கள் என்ற யோசனைகூட அவளுக்கு வந்துவிட்டது. இந்த அறையில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கும்.

தொலைபேசி. மிலான் நகரத்து வங்கியிலிருந்து ஜிலார்தி. அரசின் பத்திரங்களை அதிகம் வாங்கும் வங்கிகளில் ஒன்றில் கொள்முதல் செய்பவன். பதினைந்து வருடப் பழக்கம், இருவரும் நேரில் பார்த்தது மூன்று முறை. அவனிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால், அது லண்டனுக்குப் போகும் வழியில் பாரிஸில் இறங்கிக் காப்பியும் குடித்துவிட்டுப் போகும்.

“டாக்டரம்மா, ஒரே ஒரு கேள்வி. உண்மையைச் சொல்லுங்க. கப்பல் முழுகுதா?”

“முழுகலைப்பா.”

“உங்க குரலே நனைஞ்சிருக்கே. இங்க எங்க டைரக்டர், பத்திரம் ஒண்ணுகூடக் கேக்காதேன்னு தலைமேல நிக்கறார். உங்க ஆள் ஏன் வெளிய வரலை?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். நிறுத்தினாள். மிரெல்லாவைப் பார்த்தாள். இந்தக் கட்டடத்தில் யாரும் இதுவரை உரக்கச் சொல்லாத சொல் ஒன்று தொண்டையில் வந்து நின்றது.

“பெட்டியைக் காணோம்,” என்றாள்.

“என்ன பெட்டி? பணப் பெட்டியா?”

“அவர் ஏறி நிக்கிற பெட்டி.”

மிலானில் நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

“...அப்ப பெட்டி நிஜமாவே இருக்கா? நான் கட்டுக்கதைன்னு நினைச்சேன்.”

“பச்சை வெல்வெட் போட்டது. கட்டடம் முழுக்கத் தேடறாங்க. அது இல்லாம வெளிய வரமாட்டேங்கறார்.”

“வேற எதுலயாவது ஏறி நிக்கறது!”

“பட்ஜெட் மேல நின்னு பாத்தாராம். ஆடுச்சாம்.”

“இந்த வருஷ பட்ஜெட்டா?”

“இந்த வருஷம்.”

“அது மேல யார் நின்னாலும் ஆடும், டாக்டரம்மா!”

அதற்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் புரியவில்லை. மேசையில் அறைந்துகொண்டு சிரித்தான். சிரிப்பின் நடுவே, வாயைத் திருப்பிக்கொண்டு யாரிடமோ, “டைரக்டர் சார், ராஜினாமா இல்ல சார், பெட்டி சார், பெட்டி!” என்று கத்துவது கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது.

ஒர்னெல்லா தொலைபேசியை வைத்தாள்.

“என்னடி சொல்லித் தொலைச்சே?” என்றாள் மிரெல்லா.

“உண்மையை.”

“இருபத்தெட்டு வருஷமா சொல்லாம இருந்துட்டு, இன்னிக்குத்தான் நாள் பாத்தியா?”

இருவரும் திரையையே பார்த்தார்கள். 7.02. அது நகரவில்லை. ஒன்றை நம்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவனின் இமை மாதிரி அங்கேயே துடித்துக்கொண்டிருந்தது. 7.03. மிரெல்லா கழுத்துச் சங்கிலியில் தொங்கிய இரும்புச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரும்பைத் தொட்டால் கெட்டது அண்டாது என்பது முதுநிலைப் பட்டம் பெற்றவர்களும் விடாத நம்பிக்கை. 7.02. 7.00.

“இறங்குதுடி,” என்றாள் மெதுவாக, சத்தம் போட்டால் பறந்துவிடும் என்பதைப் போல.

எப்படி இறங்காமல் இருக்கும்? அரசாங்கம் கவிழ்ந்ததா, அமைச்சர் செத்தாரா, திவாலா என்று பயந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு, அமைச்சர் ஒரு மரப்பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி போய்ச் சேர்ந்தது. முழுகும் கப்பலில் கேப்டன் ஸ்டூலைத் தேடிக்கொண்டிருக்கமாட்டார். அமைச்சகம் வழக்கமான கூத்தை வழக்கம்போல நடத்திக்கொண்டிருக்கிறது என்றால், வட்டியும் வழக்கம்போல வந்து சேரும். பேராசிரியரின் மூன்று பாகங்களால் முடியாததை, அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்த ஒலிவாங்கி செய்துகொண்டிருந்தது. 6.97.

பதினொன்று. கதவு சாத்தப்பட்டது. பட்டியல் திரையில் கொட்டியது.

இனிமேல்தான் அவள் தொழில். எத்தனை கோடியோடு, எந்த விலையில் பட்டியலை நிறுத்திக்கொள்வது என்பதைச் சில நிமிடங்களில் அவள்தான் முடிவு செய்ய வேண்டும். முந்நூற்று எண்பது கோடிக்குக் கேள்வி வந்திருந்தது. ஆள் இருக்கிறது. ஆனால் பட்டியலின் மேல்பாதி தாராளம், கீழ்பாதி கஞ்சத்தனம். விரலை வைத்துக்கொண்டே இறங்கினாள்; இறங்க இறங்க விலை குறைந்தது, வட்டி ஏறியது.

“முழு முந்நூறையும் வித்தா?”

மிரெல்லா கணக்குப் போட்டாள். “7.01.”

“இருநூத்தி எண்பது?”

“ஏழு. மொட்டையா ஏழு.”

“இருநூத்தி எழுபத்தி நாலு.”

“6.98. ஆனா முழுசா விக்க முடியலைன்னு நாளைக்கு எழுதுவானுங்கடி.”

“எழுதட்டும். ஏழுன்னு எழுதமாட்டானுங்க.”

பொத்தானை அழுத்தினாள். 6.98 என்று உலகத்துக்குப் போயிற்று. மிரெல்லா சாவியை விட்டாள். உள்ளங்கையில் அதன் பல் பதிந்திருந்தது. சிரிக்க ஆரம்பித்தார்கள், சத்தம் வராமல், கண்ணில் நீர் வர.

அந்தச் சிரிப்பு முடியும் முன்னால் கதவு அகலத் திறந்தது. பேராசிரியர், பின்னால் தாமியானோ.

“வாழ்த்துகள், டாக்டர்! 6.98! காலையில் நான் எடுத்த முடிவோட பலனைப் பார்த்தீங்களா?”

“எந்த முடிவு புரொஃபசர்?”

“பேசாமல் இருந்தது. ஒரு கூட்டத்தை அறிவிச்சு, எதிர்பார்ப்பை உச்சத்துக்குக் கொண்டுபோய், பிறகு மௌனம் காத்தது. சந்தை குழம்பிப்போய் அடங்கிடுச்சு. நாலாவது பாகத்துல இதுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கணும்.”

“அற்புதம்,” என்றான் தாமியானோ.

“இப்ப ஏலம் முடிஞ்சுது. நிருபர்கள் காத்திருக்காங்க. அந்த வாக்கியத்தை இப்பப் படிக்கட்டு மேலயே நின்னு சொல்லலாம். இன்னும் கொஞ்சம் பலப்படுத்தியிருக்கேன்.”

ஒர்னெல்லாவின் சிரிப்பு உலர்ந்தது. ஏலம்தான் முடிந்தது, சந்தை மாலைவரை திறந்திருக்கும். வாங்கியவன் மதியமே விற்க ஓடினால், அடுத்த ஏலத்துக்கு யார் வருவார்? எழுந்து தடுக்க வேண்டும் என்று கால்களை இழுத்தாள். முழங்கால் மேசையில் இடித்தது. கோட்டு நழுவியது.

பச்சை வெல்வெட் வெளிச்சத்தில் கிடந்தது. அதன் மேல் அவருடைய காலணியின் இரண்டு தடங்கள், பழகிப் பழகி அழுந்தியவை, சுத்தமாகத் தெரிந்தன.

பேராசிரியர் பார்த்தார். ஒர்னெல்லா அவர் பார்ப்பதைப் பார்த்தாள். தாமியானோ கூரையில் எதையோ ஆராயத் தொடங்கினான்.

அவருடைய முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. ‘அது என்னுடையது’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னால், எதற்கு என்பதும் அதிலேயே வந்துவிடும். இந்த நாட்டின் கடனைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியவருக்கு அந்த இரண்டு சொல் வாயில் வரவில்லை.

“உங்க நாற்காலி... உயரமோ, டாக்டர்?” என்றார் கடைசியில்.

ஆறடிக்கு விரலளவு குறைவான ஒர்னெல்லா, முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “ஆமா புரொஃபசர். கால் எட்டமாட்டேங்குது.”

“ஆங். கவனமா பாத்துக்கணும். முதுகு போயிடும்.” கோட்டைச் சரிசெய்துகொண்டார். “தாமியானோ, நிருபர்கள்கிட்ட நான் இன்னிக்குப் பேசலைன்னு சொல்லிடு. என் மௌனம் தொடருதுன்னு சொல்லு.”

அவர் போன பிறகு தாமியானோ வாசலில் திரும்பி ஒர்னெல்லாவைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். “சலவைக்குப் போட்டுடுங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினான்.

மதியத்துக்கு மேல் ஒரெஸ்தே ஒரு விண்ணப்பத் தாளோடு வந்தார்.

“புதுசு ஒண்ணு பண்ணச் சொல்லி மேலேந்து ஆர்டர். பொருள் பேருன்னு ஒரு கட்டம் கீது. இன்னா போட?”

“பெட்டின்னு போடுங்களேன்.”

“போட்டேன். ‘அப்டி எழுதுனா நான் கையெழுத்துப் போடமாட்டேன்’னு திருப்பி அனுப்பிட்டாரு. கௌரவமா ஒரு பேரு வேணுமாம்.”

ஒர்னெல்லா யோசித்தாள். “‘மேடை உயர்வுச் சாதனம்’?”

ஒரெஸ்தே அதை எழுதிப் பார்த்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். “ஜோரா கீது. ஆனா சாதனம்னா தொழில்நுட்பக் கமிட்டிக்குப் போவும். அப்பால டெண்டர். அப்பால ஐரோப்பிய தரச் சான்று. எட்டு மாசம் ஆவும் டாக்டரம்மா.”

“அப்ப அதையே போடுங்க.”

அவர் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியில் பார்த்தார். “நானும் அப்டித்தான் நெனச்சேன்,” என்று சொல்லி, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஒர்னெல்லா பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைத்தாள். கதவை மூடும்போது தொலைபேசி அடித்தது. ஜிலார்தி. இப்போது சிரிக்கவில்லை, வியாபாரக் குரல்.

“டாக்டரம்மா, எங்க டைரக்டர் இன்னும் அம்பது கோடி வாங்கலாங்கறார். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு தெரியணும். பெட்டி கிடைச்சிடுச்சா?”

“இல்லப்பா. இன்னும் தேடறாங்க.”

“நல்லது. கிடைச்சா முதல்ல எனக்குச் சொல்லிடுங்க. அத்தனையும் வித்துட்டு நான் கிளம்பிடறேன்.”

அவள் தொலைபேசியைத் தோளில் இடுக்கியபடியே அலமாரிச் சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.